ழாந்தர்மெரி சோதித்துப் பார்த்த மென்பொருள்

எங்கள் ஓய்வூதியர் சங்கக் கணக்குகளை ஏதோ ஒரு புதுச் செயலியில் ஏற்றலாமா என்று பேச்சு நடக்கிறது. என் கருத்தையும் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பிரான்ஸின் ழாந்தர்மெரி.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இராணுவ ஒழுங்கில் இயங்கும் காவல் படை அது. சிற்றூர்களில் புகார் எழுதிக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான். 2005-இல் அந்தப் படை மைக்ரோசாஃப்ட் ஆபீஸை விட்டு ஓப்பன்ஆபீஸுக்கு மாறியது. இலவசம் என்பதால் பாய்ந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன்.

ஓப்பன்ஆபீஸ் 1.0 வெளிவந்தது 2002-இல். மூன்றே வயதுக் குழந்தை என்று தோன்றும். ஆனால் பெயர்ப்பலகைதான் புதிது, சரக்கு பழையது. 1980-களின் நடுவில் ஜெர்மனியில் மார்கோ பியோரீஸ் என்ற பள்ளி வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் படைப்பு அது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, மறு ஆண்டே மூல நிரலை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது.

இப்படிப்பட்டவற்றை எடைபோட, 2004-இல் பிரான்ஸில் அட்டோஸ் ஒரிஜின் நிறுவனத்தார் 'க்யூஸாஸ்' என்றொரு முறையை வகுத்தார்கள். வயது, பயன்படுத்துவோர், எழுதுவோர் எண்ணிக்கை, கையேடு, பிளவுபடும் அபாயம் என ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். நாங்கள் கோப்பை ஏற்கும்போது குறிப்புப் பக்கங்களைப் புரட்டுவோமே, அது மாதிரிதான். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருந்தால் வயிற்றைக் கலக்கும். அந்த ஆள் மாற்றலாகிப் போனால் என்ன செய்வது?

ழாந்தர்மெரி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் எழுதும் மென்பொருள். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். ஆட்கள் பழகிய பிறகே, 2008-இல், சுமார் 70,000 கணினிகளை உபுண்டுவுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது.

பிறகுதான் சோதனை வந்தது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓப்பன்ஆபீஸை எழுதியவர்களில் பலர் பிரிந்து லிப்ரேஆபீஸைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஆரக்கிளும் ஓப்பன்ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவியது. பெரிய முதலாளியின் பெயருக்காக முழு மதிப்பெண் போட்டவர்கள் விழித்திருப்பார்கள்.

ஆனால் நம்பி எடுத்தவர்கள் மோசம்போகவில்லை. மூல நிரல் பொதுவில் இருந்ததால் பிரிந்து போனவர்கள் அதையே எடுத்துத் தொடர முடிந்தது. ஆவணங்களைச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவமும் 2006-லேயே ஐஎஸ்ஓ தரமாகியிருந்தது. ஓப்பன்ஆபீஸில் எழுதி வைத்த கடிதம் லிப்ரேஆபீஸிலும் திறந்தது. மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.