ஆநிரை கவர்ந்த நிலம்

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். பகைவரின் ஆநிரையைக் கவர்வதில் போர் தொடங்குவதை வெட்சித் திணையாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இவ்விரண்டையும் நெஞ்சிற்கொண்டு, ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடமேற்கே, கிம்பர்லி என்னும் பகுதியில் ஓர் அயர்லாந்துக் குடும்பம் நிறுவிய கால்நடைப் பண்ணையின் வரலாற்றைக் காண்போம். நாமறிந்த வெட்சியில் வீரர் ஆநிரையைக் கவர்வர். அங்கோ ஆநிரை நிலத்தைக் கவர்ந்தது.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் 1834ஆம் ஆண்டு பேட்ரிக் டுராக் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்தபோதே, 1845இல், உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். உழுதவனுக்கு நிலத்தில் உரிமையின்மை அந்நாட்டின் பழந்துயரம். டுராக் குடும்பம் 1853இல் நியூ சவுத் வேல்ஸ் வந்து சேர்ந்தது. வந்த இரண்டே திங்களில் தந்தை விபத்தொன்றில் உயிர் நீத்தார். பத்தொன்பது வயது மூத்த மகன் தாயையும் உடன்பிறந்தோரையும் கோல்பர்ன் நகரில் குடியமர்த்திவிட்டு, ஓவன்ஸ் தங்கவயலுக்குச் சென்றார். ஆயிரம் பவுனுடன் திரும்பிவந்து நிலம் வாங்கினார். தலைமுறைகள் காணாத உடைமை அது.

கிடைத்த நிலத்தோடு மனம் அமையவில்லை. 1863இல் குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கு நோக்கி மந்தையுடன் சென்ற முயற்சியை வறட்சி முறித்தது. 1868இல் மீண்டும் சென்று, கூப்பர் ஆற்றின் கிளையொன்றின் கரையில் தைலுங்ரா பண்ணையை நிறுவினார். கிம்பர்லியில் நல்ல மேய்ச்சல் நிலம் உண்டு என்று 1879இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் கண்டுரைத்த செய்தி எட்டியதும், அங்கும் கண் சென்றது. 1883இல் குடும்பத்தின் உறவினர்கள் 7,250 மாடுகளையும் 200 குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு புறப்பட்டனர். வறட்சியும் நோயும் தொடர, ஏறத்தாழ 3,000 மைல் கடந்து, 1885 செப்டம்பரில் ஆர்டு ஆற்றை அடைந்தனர். மாடுகளில் பாதியே எஞ்சின. அதுவரை உலகில் நிகழ்ந்த மாடோட்டப் பயணங்களில் அதுவே நெடியது என்பர்.

ஆற்றங்கரைப் பண்ணைக்கு ஆர்கைல் எனப் பெயரிட்டனர். கோல்பர்னைச் சூழ்ந்த மாவட்டத்தின் பெயர் அது. அம்மாவட்டத்திற்கோ ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெயர். இரவல் பெற்ற பெயரை மீண்டும் இரவலாக இங்கே நட்டனர். மிரியுவுங் மக்கள் அந்நிலத்தின் ஒவ்வொரு சுனைக்கும் குன்றுக்கும் வழங்கிவந்த பெயர்களைக் கேட்பார் இல்லை.

மாடுகள் புல்வெளியை மேய்ந்தன, நீர்நிலைகளைக் கலக்கின. வேட்டை விலங்குகள் அகன்றன. பசித்தவர் ஈட்டியால் மாட்டைக் கொன்றபோது அது களவு என்று எழுதப்பட்டது. 1886இல் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் டுராக் ஈட்டியால் மாண்டார். பழிவாங்கப் புறப்பட்டோர் கையில் பழங்குடியினர் பலர் மாண்டனர். முன்னவருக்குப் பெயரும் நாளும் உண்டு. பின்னவர் பலருக்கு எண்ணிக்கைகூட இல்லை.

எனினும் அப்பண்ணையைத் தாங்கியவர்கள் அம்மக்களே. குதிரையேறி மந்தை மேய்த்தோரும் வீட்டுப்பணி செய்தோரும் அவர்களே. கூலியாகக் கிடைத்தது மாவும் தேயிலையும் சர்க்கரையும் புகையிலையும். மேய்ச்சல் தொழிலில் சமகூலி வேண்டும் என்ற 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1968இறுதியில் நடைமுறைக்கு வந்தபோது, கிம்பர்லியின் பண்ணைகள் பல அவர்களை வெளியேற்றின. சொந்த மண்ணின் நடுவே அவர்கள் நகரோரக் குடியிருப்புகளில் அகதிகளாயினர்.

டுராக் குடும்பமும் நிலைக்கவில்லை. 1889இல் பேட்ரிக் தம் குவீன்ஸ்லாந்து முதலீடுகளை இழந்து நொடித்தார். 1893இல் ஆர்கைலில் மனைவியை இழந்தார். 1898இல் தாமும் மறைந்தார். மகன்கள் வசமிருந்த கிம்பர்லிப் பண்ணை மட்டும் பிழைத்தது. மூத்த மகன் மைக்கேல் பேட்ரிக் 1950இல் அதையும் விற்றார். அதே ஆண்டில் இறந்தார்.

அவருடைய மகள் மேரி டுராக் ஓர் எழுத்தாளர். குடும்பத்தின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் துணைக்கொண்டு 1959இல் அவர் வெளியிட்ட வரலாற்று நூலின் பெயர் ‘கிங்ஸ் இன் கிராஸ் காஸில்ஸ்’. புற்கோட்டை அரசர்கள் எனலாம். தம் முன்னோரை அரசர் என்றவர், கோட்டையைப் புல் என்று சொல்லத் தயங்கவில்லை. அந்நேர்மை போற்றற்குரியது. ஆயினும் நாட்குறிப்பு எழுதத் தெரிந்தவர் கண்ணாலேயே அந்நூல் பெரிதும் உலகைக் காண்கிறது என்பதும் உண்மை. ஏடு இல்லாதவரின் வரலாறு வேறிடத்தில் இருந்தது.

மேரியின் தம்பி கிம் வேளாண்மை அறிஞர். ஆர்டு ஆற்றுநீரால் பாசனம் செய்யலாம் என்று 1940களிலேயே சோதனைப் பயிர் வைத்தவர். அணை எழுவதற்கு முன்னரே, 1968இல், மறைந்தார். 1972இல் ஆர்டு ஆற்று அணை திறக்கப்பட்டது. ஆர்கைல் ஏரி என்னும் அந்நீர்ப்பரப்பில் பண்ணை மூழ்கியது. சுண்ணாம்புக்கல் வீட்டைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1979இல் மேட்டுநிலத்தில் காட்சியகமாக மீண்டும் எழுப்பினர். மிரியுவுங் மக்களின் புனித இடங்களும் அதே நீரில் மூழ்கின. அவற்றைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைக்க இயலாது.

1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பு, ஆஸ்திரேலியா ஆளில்லா நிலமாக இருந்தது என்ற கோட்பாட்டைத் தகர்த்தது. அதன்வழி மிரியுவுங், கஜெரோங் மக்கள் 1994இல் வழக்குத் தொடுத்தனர். பத்திரம் ஏதும் அவர்களிடம் இல்லை. முன்னோர் கதைகளும் சடங்குகளும் இடப்பெயர்களும் அவர்களின் வாய்மொழிச் சான்றுகளாயின. 1998இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களின் உரிமையை ஏற்றது. 2002இல் உயர்நீதிமன்றம் அதைச் சற்றுக் குறுக்கியபோதும், 2003இல் பெரும்பரப்பில் பூர்வ உரிமை உறுதியாயிற்று. அணை விளைத்த கேட்டை ஏற்று 2005இல் அரசுடன் உடன்படிக்கையும் உண்டாயிற்று. நீரடியில் கிடப்பது மட்டும் மீளவில்லை.

ஊரில் நிலமிழந்து வந்த ஒரு குடும்பம் பிறர் நிலத்தில் நிலமுடையதாயிற்று. தான் பட்ட துயரைப் பிறர்க்கு இழைக்கிறோம் என்பதை அது காணவில்லை. மூன்றாம் தலைமுறையில் ஒரு பெண் எழுத வந்தபோதுதான் சற்றேனும் கண்டது. வரலாறு எழுதுவோருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கவிதை எழுதுவோருக்கோ ஓர் ஆறுதல் உண்டு. 7,250 மாடுகள் எழுதிய பட்டயம் அறுபத்தைந்து ஆண்டுகளில் கைமாறிப்போயிற்று. வாயிலிருந்து செவிக்கு வந்த சொல், நூறாண்டு கழித்தும் நீதிமன்றத்தில் நின்று தன் நிலத்தின் பெயரைச் சொல்லியது.