தெருமுனைக் கணக்கு

திண்டுக்கல் என்றதும் நம்மில் பலருக்குப் பூட்டு நினைவுக்கு வரும். சிலருக்குச் சுருட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிரியாணி. சரித்திரம் படித்தவர்களுக்கோ, ஊருக்கு மேற்கே திண்டு போட்டதுபோல் கிடக்கும் அந்தப் பெரும் பாறையும் அதன் தலையில் இருக்கும் கோட்டையும்தான் ஞாபகம் வரும். மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை அது. ஹைதர் அலி மைசூருக்கு அதிபதியாவதற்கு முன், 1755-ல், ஃபௌஜ்தாராக வந்து தங்கிப் படை திரட்டிய இடம். பின்பு திப்புவின் வசம் இருந்து, 1790-ல் கும்பெனியாரின் கைக்கு மாறியது. மலைமேல் இன்றும் கோயில் இருக்கிறது. உள்ளே மூர்த்தி இல்லை. யுத்த காலத்தில் கீழே ஊருக்குள் எழுந்தருளிய தெய்வங்கள் மறுபடி மலையேறவேயில்லை.

இந்தக் கதைகளையெல்லாம் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு ஆசாமியைப் பற்றி. அவருக்குக் குதிரையும் கிடையாது, வாளும் கிடையாது. தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், முச்சந்தி விளக்கு ஏன் எரியவில்லை, திருவிழாவுக்கு முன் சாக்கடை அள்ளுவார்களா மாட்டார்களா என்று ஊரார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவர்தான் வார்டு கவுன்சிலர்.

"இதிலென்ன சரித்திரம் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கோட்டையை ஆண்டவர்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கவுன்சிலர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் ஊரின் உண்மையான சரித்திரம்.

கும்பெனியார் திண்டுக்கல்லைப் பிடித்த அதே 1790-ல் மக்லியாட் என்ற துரையை இங்கே முதல் கலெக்டராக நியமித்தார்கள். கலெக்டர் என்றால் வசூலிப்பவர். பெயரிலேயே உத்தியோகம் தெரிகிறது. வசூலித்ததை இந்த ஊருக்கே எப்படிச் செலவிடலாம் என்ற யோசனை வருவதற்கு மேலும் எழுபத்தைந்து வருஷம் பிடித்தது. 1865-ல் சென்னை ராஜதானியில் 'நகர அபிவிருத்திச் சட்டம்' என்று ஒன்று வந்தது. அதன்படி 1866-ல் திண்டுக்கல் முனிசிபாலிட்டி பிறந்தது. மதுரை, கோயமுத்தூர், சேலம், திருச்சி நகரசபைகளும் அந்த வருஷத்துக் குழந்தைகளே.

ஆனால் ஒரு விசேஷம். இந்தக் குழந்தைகள் ஜனங்களின் ஆசையினால் பிறந்தவை அல்ல. 1857 கலகத்துக்குப் பின் சர்க்கார் கஜானா வறண்டுவிட்டது. ஊர்ப் போலீஸ் செலவின் பெரும்பகுதியை ஊரார் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன என்று மேலிடத்தில் தோன்றியது. வீட்டுவரி போடு, வண்டிவரி போடு, முதலில் போலீஸுக்குக் கொடு, மிச்சமிருந்தால் தெருவைப் பெருக்கு என்பதே ஏற்பாடு. சபையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சர்க்கார் நியமித்தவர்கள். வரி கட்டியவனுக்கு வரி ரசீது மட்டும் கிடைத்தது, கணக்குக் கிடைக்கவில்லை.

1882-ல் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானம் வெளியிட்டார். ஸ்தல சுயாட்சியினால் நிர்வாகம் உடனே சீர்பட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும், அதுவே முக்கியம் என்றார். துரைமார்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் 1884-ல் சென்னை ராஜதானியில் புதுச் சட்டம் வந்தது. நகரசபை அங்கத்தினர்களில் முக்கால்வாசிப் பேரைத் தேர்தல் மூலம் அனுப்பலாம் என்று ஆயிற்று. வோட்டு யாருக்கு? வரி கட்டுகிறவருக்கு, அதாவது வீடும் காசும் உள்ளவருக்கு. பேகம்பூர்த் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று தோல் பதனிட்டவனுக்கு அதில் இடமில்லை. தெருவைப் பெருக்கியவளுக்கும் இல்லை. சுதந்திரம் வந்து, வயது வந்த எல்லாருக்கும் வோட்டு என்று ஆன பிறகுதான் கவுன்சிலர் அவர்கள் வீட்டு வாசலிலும் கைகூப்பி நிற்கவேண்டி வந்தது.

ஆனாலும் இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பாடம் என்று நினைத்து விடாதீர்கள். உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. 919, 921-ஆம் வருஷத்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஊர்க் காரியங்களைப் பிரித்து, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஆள் எடுத்திருக்கிறார்கள். குடவோலை முறையை எல்லாரும் மெச்சுகிறோம். அந்தச் சபை பிராமண ஊரின் சபை. நிலமும் வீடும் சாஸ்திரப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அந்தக் கல்லில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவன். அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள்! பெரியப்பன், சிற்றப்பன், மாமன், மைத்துனன் என்று வரிசை போகிறது. அண்ணன் நிற்க முடியாவிட்டால் தம்பியை நிறுத்துகிற சாமர்த்தியம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கணக்கு என்றால் ரூபாய் அணா பைசா மட்டும் அல்ல. என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று சொல்வதும் கணக்குத்தான். அந்தக் காலத்தில் முனிசிபாலிட்டிச் சேதி தெருவுக்குத் தண்டோரா மூலம் வந்தது. வரி கட்டக் கடைசி நாள், அம்மை குத்த வருகிறார்கள், குழாய் நிற்கும் என்பதை ஒருவன் தப்படித்துச் சொல்லிப் போவான். அது மேலிருந்து கீழே வரும் சேதி. கீழிருந்து மேலே போக வழியில்லை. தப்புக்குக் காது கிடையாது. கவுன்சிலர் என்ற மனிதர் வந்த பிறகுதான் சேதிக்கு இரண்டு பக்கமும் போக்குவரத்து ஏற்பட்டது. டீக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால், ஊர் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். "மோட்டார் பழுது. மதுரைக்கு அனுப்பியிருக்கிறது. வியாழக்கிழமை தண்ணீர்" என்பார். வியாழக்கிழமை தண்ணீர் வராவிட்டால் வெள்ளிக்கிழமை அதே பெஞ்சுக்கு அவர் வருகிறாரா, வேறு தெரு வழியாகப் போகிறாரா என்று ஊர் பார்க்கும். தேர்தலின் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

திருவிழாக்களைப் பற்றிய சேதியும் அந்தப் பெஞ்சிலேதான். மாசி மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் ஊரெல்லாம் மஞ்சள் சேலை. ஆகஸ்டில் முத்தழகுப்பட்டி செபஸ்தியார் திருவிழா. நேர்த்திக்கடனாக வந்த ஆடும் கோழியும் அரிசியும் ஒன்றாகி, சாதி மதம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் அன்னதானமாகும். பேகம்பூர்ப் பள்ளிவாசலில் பெருநாள் தொழுகை. மூன்றுக்கும் சாமி வேறு, தேவை ஒன்றே. தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், பாதை சுத்தமாக வேண்டும். மூன்று இடத்துக்கும் லாரித் தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டு அனுப்பும் கவுன்சிலர், மத நல்லிணக்கத்தைப் பற்றி மேடையேறிப் பேசவேண்டியதே இல்லை.

தண்ணீர் என்று சொன்னேன். திண்டுக்கல்லின் தலைவிதியே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கீழ்ப்பழனி மலை. நடுவில் மழை மறைவான சமவெளி. மலையில் பெய்வது ஊருக்கு எட்டுவதில்லை. ஆத்தூர்ப் பக்கத்தில் மலையோடைகளைத் தேக்கி, காமராஜர் பெயரால் நிற்கும் நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்குக் குழாய் வந்தது. அது போதாமல் வைகைப் பேரணையிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் போதாமல் காவிரித் தண்ணீரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் கோடை வந்தால் குடங்கள் வரிசையில் நிற்கும்.

கிணறுகள் இல்லையா என்றால், இருந்தன. அவற்றின் கதை வேறு. தோல் பதனிடும் தொழில் இந்த ஊருக்குச் சோறு போட்டது. அதுவே நிலத்தடி நீரையும் கெடுத்தது. ஆவாரம்பட்டை போய் ரசாயனம் வந்தபின் கேடு அதிகமாயிற்று. உப்பேறிய கிணற்றைப் பற்றித் தெருவில் எத்தனையோ காலம் முணுமுணுத்தார்கள். கடைசியில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வேலூரார் தொடுத்த வழக்கு அது. திண்டுக்கல் உள்படத் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தியது. கெடுத்தவரே சீர்படுத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்றார்கள். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் தெருக்கோடிக் கிணற்றைப் பற்றிய சேதி டில்லிவரை போய்த் திரும்ப வேண்டியிருந்ததே! நடுவில் எத்தனை நாற்காலிகள் இருந்தன! அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் அது ஏன் விழவில்லை? அதே தொழிலை நம்பி அதே வார்டில் நூறு குடும்பங்கள் இருந்தால் கவுன்சிலர் யார் பக்கம் பேசுவார்? தண்ணீரா, கூலியா என்ற கேள்விக்குச் சுலபமான விடை கிடையாது. அந்தச் சங்கடத்தையாவது ஜனங்களிடம் பகிரங்கமாகச் சொல்லியிருக்கலாம்.

சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோயமுத்தூர் உதாரணம். சே. ப. நரசிம்மலு நாயுடு என்று ஒருவர் இருந்தார். பத்திரிகை நடத்தியவர், நூல்கள் எழுதியவர், ஊர்க் காரியங்களில் முன்னின்றவர். கோயமுத்தூரின் தாகத்துக்கு மேற்கே மலைக்குள் ஓடும் சிறுவாணித் தண்ணீர்தான் மருந்து என்று 1889-லேயே தேடிக் கண்டு சொன்னார். செலவைப் பார்த்து எல்லாரும் மலைத்தார்கள். அவர் 1922-ல் காலமானார், தண்ணீர் வரவில்லை. பிறகு ரத்தினசபாபதி முதலியார் நகரசபைத் தலைவராக இருந்து பாடுபட, 1929-ல் சிறுவாணி கோயமுத்தூருக்கு வந்தது. நாற்பது வருஷம்! முதலில் சொன்னவர் குடிக்கவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருந்தால், பின்னால் வந்தவர்கள் எதை நிறைவேற்றியிருப்பார்கள்?

இனி, நாற்காலியே காலியாக இருந்த கதை. தமிழ்நாட்டில் நகரசபைத் தேர்தல்கள் ஒழுங்காக நடந்ததாக யாரும் சொல்ல முடியாது. 1986-ல் நடந்தது, அந்தச் சபைகளின் காலம் 1991-ல் முடிந்தபின் ஐந்து வருஷம் தேர்தல் இல்லை. அரசியல் சாசனத்தைத் திருத்தி, உள்ளாட்சிக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை தேர்தல் கட்டாயம் என்று எழுதிய பிறகு 1996-ல் நடந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டால், 2016-ல் மீண்டும் நின்றுபோயிற்று. இதற்கிடையே 2014-ல் திண்டுக்கல் மாநகராட்சியாக உயர்ந்திருந்தது. ஊர் பெரிதாயிற்று, கவுன்சிலர்தான் இல்லை. 2022 பிப்ரவரி வரை தனி அதிகாரிகளின் ஆட்சி. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களிலும் உழைப்பவர்கள் உண்டு. ஆனால் அவர் வேறு ஊர்க்காரர். மாற்றல் வந்தால் போய்விடுவார். நம் தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போகவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை. நோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த 2020-லும், தெருவுக்குப் பதில் சொல்லத் தெருவே தேர்ந்தெடுத்த ஆள் இருக்கவில்லை.

2022-ல் நாற்பத்தெட்டு வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி ஊரில் சுமார் 2,07,000 பேர். வார்டுக்கு ஏறக்குறைய 4,300 பேர். ஒரு மனிதர் முகம் பார்த்துப் பேசக்கூடிய தொகைதான் அது. இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் சொல்லியது. வரிசையில் குடத்தோடு நின்றவளுக்கே குழாயைப் பற்றிப் பேச அதிகாரம் வந்தது நியாயம். சில ஊர்களில் மனைவி பெயருக்குக் கவுன்சிலர், கணவர் காரியத்துக்குக் கவுன்சிலர் என்று நடப்பதையும் கேள்விப்படுகிறோம். அந்த மனிதர்களுக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறை படித்துக் காட்டலாம். அதே வருஷம் வார்டுக் குழு, ஏரியா சபை என்று புது விதிகளும் வந்தன. தெருவாசிகள் கூடிக் கவுன்சிலரிடம் நேரே கேட்கலாம் என்பதே அதன் சாரம். டீக்கடைப் பெஞ்சுக்குச் சட்டம் கொடுத்த கௌரவப் பெயர் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சபை கூட்டினால் போதாது, நாமும் போகவேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வோட்டுச் சாவடிக்குப் போவது அரை மணி நேர வேலை. மழையில் இடிந்த சாக்கடையைப் பற்றிக் கேட்க மாதமொரு மாலை உட்காருவதுதான் கஷ்டம். கேட்பவர்கள் இல்லாத இடத்தில், நல்ல கவுன்சிலர்கூட நாளடைவில் சொல்வதை நிறுத்திவிடுவார். அடுத்தமுறை உங்கள் வார்டில் கூட்டம் என்று சேதி வந்தால் போய் முன்வரிசையில் உட்காருங்கள். சென்ற கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று அதை மட்டும் முதலில் கேளுங்கள்.