காது தெரியணும், சிரிக்கக் கூடாது: கடப்பிதழ்ப் படத்தின் கதை

மலேசியக் கடப்பிதழுக்கான படம் 35 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு 35க்கு 45. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். கனடாவுக்கு 50க்கு 70. இந்த அளவெல்லாம் உள்நாட்டில் முகப்புக்கே போய் விண்ணப்பிக்கும் மலேசியருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. குடிநுழைவுத் துறை முகப்பிலேயே உட்கார வைத்துப் படம் பிடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குத்தான் தலைவலி. அங்கே தூதரகங்கள் பலவும் படத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்கின்றன. அந்த ஊர் ஸ்டூடியோக்காரருக்கோ அந்த ஊர் அளவுதான் பழக்கம். வெள்ளைப் பின்னணி, தோளையும் மார்பையும் மூடும் அடர்நிறச் சட்டை என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

இந்தியக் குடிமக்களுக்கும் இதே பாடுதான். அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் பல வருடங்களாகச் சதுரப் படம் கொடுத்துப் பழகியிருந்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து 630க்கு 810 பிக்சல், படத்தில் 80 முதல் 85 விழுக்காடு முகமே இருக்க வேண்டும், கணினியில் எந்தத் திருத்தமும் கூடாது என்று விதி மாறியது.

வாய் மூடியிருக்கணும், கண் திறந்திருக்கணும், நிழல் விழக் கூடாது. ஒரு முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் எழுதத் தொடங்கியது எப்போது? யாருடைய முகத்தைப் பார்த்து எழுதியது? இந்த இரண்டு கேள்விகளும்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றன.

முகம் இல்லாத கடப்பிதழ்

முதல் உலகப் போருக்கு முன்பு, கையில் காசிருந்த ஐரோப்பியருக்குக் கடப்பிதழ் பெரும்பாலும் தேவைப்படவில்லை. 1914க்கு முன் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கடப்பிதழே இல்லாமல் போய் வந்ததை எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். கடப்பிதழ் வைத்திருந்தவர்களிடமும் இருந்தது ஒரு தாள்தான். நெற்றி, மூக்கு, கண் எப்படி என்று அதில் எழுத்தில் வர்ணனை இருக்கும்.

ஒரு ஜெர்மன் உளவாளியால் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. கார்ல் ஹான்ஸ் லோடி, சார்லஸ் இங்கிலிஸ் என்ற அமெரிக்கரின் உண்மையான கடப்பிதழை வைத்துக்கொண்டு 1914 ஆகஸ்டில் பிரிட்டனுக்குள் நுழைந்தார். கடப்பிதழ் அசல், ஆள்தான் வேறு. படம் இல்லாததால் இரண்டையும் பொருத்திப் பார்க்க வழியில்லை. பிடிபட்ட லோடியை நவம்பர் 6 அன்று லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா கடப்பிதழில் படத்தைக் கட்டாயமாக்கியது. 1915-இல் பிரிட்டனும் அதே வழியில் போனது.

தொடக்கத்தில் படத்துக்குப் பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை. தொப்பி போட்டபடி நிற்கலாம். கணவரின் கடப்பிதழிலேயே மனைவி பிள்ளைகளையும் சேர்த்த காலம் அது என்பதால் குடும்பப் படத்தையே ஒட்டலாம். ஆனாலும் கண்ணியவான்களுக்குக் கோபம் வந்தது. விண்ணப்பத்தில் தன் முகம் அறிவுக்களை உடையது என்று எழுதிக் கொடுத்த ஓர் ஆங்கிலேயர், எவரோ ஓர் அதிகாரி அதை நீள்வட்டம் என்று மாற்றிவிட்டதாக 1915-இல் நாளிதழுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார்.

போர் முடிந்தால் இதெல்லாம் போய்விடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1920-இல் உலக நாடுகள் சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு 32 பக்கம் கொண்ட ஒரே மாதிரியான புத்தகத்தைப் பரிந்துரைத்தது. தற்காலிகம் என்று வந்த படம் புத்தகத்துக்குள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

முதலில் யாரைப் படம் பிடித்தார்கள்?

பொதுவாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான். ஆனால் இது வெள்ளைக்காரப் பயணிகளின் கதை. அவர்களுக்கு இருபது வருடங்களுக்கு முன்பே வேறு சிலரின் முகங்கள் தாளில் ஒட்டப்பட்டுவிட்டன.

1880களில் பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், கைதிகளை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஒரே வெளிச்சத்தில் ஒரே தூரத்தில் படம் பிடிக்கும் முறையை வகுத்தார். இன்றைய கடப்பிதழ்ப் படத்துக்கு அதுதான் மூத்த உறவு. கைதிக்கு அடுத்து வந்தவர் கூலித் தொழிலாளி. அமெரிக்காவின் 1892ஆம் ஆண்டுச் சட்டம் அங்கிருந்த சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. 1893-இல் வந்த திருத்தம் அதில் படத்தையும் சேர்த்தது. நாய்க் கழுத்தில் மாட்டும் வில்லை மாதிரி என்று சீனர்கள் இதைக் கேலி செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முதலில் பதிய மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்களிடம் கேட்டது பத்து விரல் ரேகை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. காந்தியின் பெயரோடு சேர்த்தே இதைப் படித்திருக்கிறோம். அந்தப் போராட்டத்தில் தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனதை அவ்வளவாகப் படித்ததில்லை.

ஆக, முகத்தைக் காட்டு என்ற கட்டளை மேலிருந்து கீழே வரவில்லை, கீழிருந்து மேலே போயிருக்கிறது. கைதி, கூலி, குடியேறி என்று ஏறி, கடைசியில்தான் கண்ணியவானிடம் வந்து சேர்ந்தது. 'நீள்வட்டம்' என்ற சொல்லுக்கே அவருக்கு அவ்வளவு கோபம் வந்ததென்றால், மற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

இரவல் தோடு

மலாயாவில் அந்தக் கட்டளை 1948-இல் வந்தது. ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றானது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளையும் வெளியில் இருந்த மக்களையும் பிரித்துக் காட்டுவதுதான் நோக்கம். கம்யூனிஸ்டுகளுக்கும் அது தெரிந்திருந்தது. பேருந்தை மறித்தார்கள், தோட்டத்துக்குள் வந்தார்கள், அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். அட்டை இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அட்டை இருந்தால் காட்டுக்காரன் கேட்பான். பால்மரம் வெட்டப் போன நம் ஆட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

என் பாட்டியின் முதல் படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். கல்யாணத்துக்குக்கூட அவரைப் படம் பிடிக்கவில்லை. "கிராணி வந்து எல்லாரும் வரிசையா நில்லுன்னாரு. நல்ல சேலை ஒருத்திகிட்டதான் இருந்துச்சி. அதையே நாலு பேரு மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டோம். தோடு கூட என்னோடது இல்ல" என்பார். அரசாங்கம் அவரை அடையாளம் காண வைத்திருந்த படத்தில் சேலை ஒருத்தியுடையது, தோடு இன்னொருத்தியுடையது. முகம் மட்டும்தான் அவருடையது. அதிலும் பயம்தான் தெரிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த முகத்துக்கு ஒரு நிறம் வந்தது. குடிமக்களுக்கு நீல ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு. 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலை பெர்மிட் கிடைக்காத தோட்டத் தமிழர்கள் ஏராளமானோர் ரஜூலா கப்பல் ஏறி, பலர் அதுவரை பார்த்தேயிராத 'சொந்த ஊருக்கு'ப் போனார்கள். பாட்டி இங்கேயே இருந்தார், சிவப்பு ஐ.சி.யோடு. படம் சரியாக இருந்தது, ரேகை சரியாக இருந்தது. ஆனாலும் மலேசியக் கடப்பிதழுக்கு விண்ணப்பிக்க அவரால் முடியாது. இன்னார்தான் என்று உறுதிப்படுத்தவே படம் உதவுகிறது. எங்களைச் சேர்ந்தவர் என்று சொல்ல அது போதாது.

இந்த வேறுபாடு பழங்கதையாகிவிடவில்லை. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். தந்தை மலேசியர் என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. தாய் மட்டும் மலேசியர் என்றால் அது தானாக வராது என்பதே நெடுங்காலம் சட்டமாக இருந்தது. இதை மாற்றும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில்தான் மக்களவையில் நிறைவேறியது. தலை நிற்காத சிசுவை வெள்ளைத் துணியில் கிடத்திப் படம் எடுக்கும் சிரமத்துக்கும் முன்னால், அந்தப் படத்தை நீட்டும் உரிமையே பல தாய்மார்களுக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

இயந்திரத்தின் கண்

சிரிப்பு எப்போது குற்றமானது? கடப்பிதழை மனிதன் பார்ப்பதை நிறுத்தி, இயந்திரம் பார்க்கத் தொடங்கியபோது. அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் ஆவணம் 9303-ஐ வெளியிட்டது. இயந்திரம் படிக்கும் கடப்பிதழுக்கான இலக்கணம் அது. 1998-இல் உலகிலேயே முதன்முறையாகச் சில்லு பதித்த கடப்பிதழை வெளியிட்ட நாடு மலேசியா. சிங்கப்பூர் 2006-இல் சேர்ந்துகொண்டது. மென்பொருள் கண், மூக்கு, வாய் இவற்றின் இடைவெளிகளை அளக்கிறது. சிரித்தால் அளவு மாறும், கண்ணாடி போட்டால் ஒளி பட்டு மின்னும். அதனால் பிரிட்டன் 2004-இல் சிரிப்பை விலக்கியது. அமெரிக்கா 2016 நவம்பரில் மூக்குக்கண்ணாடியை விலக்கியது.

அளக்கும் கண் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி பார்த்தால் பிரச்சினை இல்லை. 2016-இல் நியூசிலாந்தின் இணைய முறை, ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் படத்தைக் கண் மூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. கண் திறந்துதான் இருந்தது. 2020-இல் பிபிசி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களைப் பிரிட்டிஷ் கடப்பிதழ் இணையதளத்தில் போட்டுச் சோதித்தது. கறுத்த தோலுள்ள பெண்களின் படங்களில் 22 விழுக்காடு தரம் போதாது என்று வந்தது. வெளுத்த ஆண்களுக்கு அது 9 விழுக்காடு.

இந்தக் கோளாறு கணினியோடு பிறந்ததில்லை. வண்ணப் படச்சுருளைக் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. நம் முகம் கரிபோல் வந்தால் அது நம் குறை. இந்தப் பக்கத்தில் ஸ்டூடியோவுக்குப் போன எல்லாருக்கும் அந்தக் கேள்வி தெரியும்: "கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி விடவா?"

கறுப்பு முகம் தெளிவாக விழ வேண்டும் என்று மெனக்கெட்ட அரசாங்கமும் இருந்திருக்கிறது. இன ஒதுக்கல் காலத் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் சுமக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. 1970-இல் அந்த நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்கள் அமெரிக்காவில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு அங்கிருந்து விலகியது. நம்மைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் வெளிச்சம் கிடைக்கிறது. நாம் பயணம் போக வேண்டும் என்றால் படம் தெளிவில்லை என்று திரும்பி வருகிறது.

திரும்பி வந்த ஒரு படம் அற்ப விஷயம் இல்லை. வேலை பெர்மிட் கடப்பிதழின் காலாவதித் தேதியை நம்பி நிற்கிறது. சம்பளம் பெர்மிட்டை நம்பி நிற்கிறது. ஊரில் அப்பா மருத்துவமனையில் கிடக்கும்போது ஒரு நிழல், ஒரு மில்லிமீட்டர், பயணத்தை ஒரு வாரம் தள்ளிவிடும்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய ஐ.சி., பழைய கடப்பிதழ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் படம் எங்கே, எந்த நிலையில் எடுத்தது, சேலையும் சட்டையும் யாருடையவை என்று கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்து ஆட்கள் பலருக்கு இளவயதுப் படமென்று இருப்பது அது ஒன்றுதான். எடுத்தவர்கள் கண்காணிக்கத்தான் எடுத்தார்கள். நாம் அதை வேறு காரணத்துக்காகப் பார்க்கலாம்.