யாரிடமும் சொல்லாத பயணம்: ஆயத்தமின்றி மலைக்காடு புகுதல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

பொன்னமராவதி சமவெளி ஊர். காடு என்றால் கருவேலமும் தைலமரத் தோப்பும்தான் இங்குள்ளவர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் பிரான்மலை நிற்கிறது. பாரியின் பறம்பு என்று போற்றப்படும் அந்த மலையின் அடிவாரத்தில் சிவன் கோயிலும் உச்சியில் தர்காவும் உண்டு. சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் வண்டி பிடித்துப் போகிறவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. மலை பழகாத கால்கள் மலையேறும்போது உயிரைக் காப்பது எது? வழி தெரிந்த ஒருவர் உடன் இருப்பதும், போன இடம் தெரிந்த ஒருவர் கீழே இருப்பதும்தான் என்பது என் முடிவு. உடல் வலிமையை அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

2. குரங்கணி, 2018

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் இரு குழுக்களாக வந்தவர்கள். முப்பது பேருக்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். உள்ளூர் மக்கள் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. முதல் கணக்கில் இறந்தவர்கள் 9 பேர். தீக்காயத்தோடு மருத்துவமனைகளில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, அந்தக் கணக்கு 23 ஆனது.

வனத்துறை அனுமதித்து வந்த வழி குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்வது. இவர்கள் போய்த் திரும்பியது கொழுக்குமலை வழி. அனுமதிச் சீட்டை வெறும் காகிதமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எந்தச் சரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கீழே உள்ளவர்களுக்குத் தெரிவிப்பது அந்தச் சீட்டுதான்.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். சுவாலையின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. மார்ச் மாதத்தில் ஆளுயரப் புல் சருகாகிக் கிடக்கும். அதற்குள் நிற்பவருக்குப் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது. பதற்றத்தில் கால் மேட்டைத் தேடும். புல் இல்லாத பாறையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோதான் அங்கே அடைக்கலம். அந்த மலையில் மாடு மேய்ப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வருபவர் எங்கே கற்றிருப்பார்? கூட்டமாகப் போனால் பத்திரம் என்றுதான் நாம் எல்லோரும் நம்புவோம். இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

3. தகவல் போன மலையும் போகாத மலையும்

2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழாவை அடுத்த சேராடு மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் கால் தவறிப் பாறை இடுக்கில் சிக்கினார். உடன் வந்த நண்பர்கள் மீட்க முயன்றார்கள். முடியாமல் கீழே இறங்கித் தகவல் சொன்னார்கள். தண்ணீரும் உணவும் இல்லாமல் 40 மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தவரை ராணுவத்தினர் கயிற்றில் இறங்கி மீட்டனர்.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏரன் ரால்ஸ்டனுக்கு அப்படித் தகவல் சொல்ல யாரும் இல்லை. மலையேற்றத்தில் தேர்ந்தவர்தான். ஆனால் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தனியே போனார். உருண்ட பாறை வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு, சிறு கத்தியால் அந்தக் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார்.

4. வெயிலும் காட்டாறும்

கடும் வெயிலில் ஏறும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கும். அரை லிட்டர் பாட்டிலோடு ஏறுபவர் பாதி வழியிலேயே அதைக் காலி செய்துவிடுவார். பிறகு தலைவலி, குமட்டல். அதையும் தாண்டினால் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். தனக்குப் புத்தி தடுமாறுவது தனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்து உட்காரவைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

மழை வேறு விதம். மேல்மலையில் பெய்தால், அடிவாரத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே ஓடை பெருகிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்களின் உயிரைக் குடித்தது இத்தகைய திடீர் வெள்ளம்தான்.

5. விதியும் வீடும்

குரங்கணிக்குப் பின் தமிழக அரசு 2018-லேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில் வழிகாட்டிகளோடு செல்லும் திட்டமும் தொடங்கியது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் லீவு நாளில் நினைத்தவுடன் பைக்கை எடுத்துக் கிளம்பும் பையனை விதி எட்டிப் பிடிக்காது. வீட்டில் உள்ளவர்களால் முடியும்.

பொன்னமராவதிப் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். போகாதே என்று தடுக்க வேண்டாம். எந்த மலை, எந்தப் பக்கமாக ஏறுகிறாய், கூட யார், எத்தனை மணிக்கு அடிவாரம் வந்து போன் செய்வாய் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரமாகியும் போன் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள்.