வேலூரில் மருந்தான பாஷாணம்

நம்ம பக்கத்தில் நோய் கை மீறிப் போனால் டாக்டர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "வேலூருக்குக் கொண்டு போயிருங்க." மோகனூரிலிருந்து நாமக்கல், அங்கிருந்து சேலம், சேலத்தில் ரயில் ஏறினால் காட்பாடி. கையில் ரிப்போர்ட்டுகள், மடியில் காட்டை அடமானம் வைத்த பணம். அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்கு நடந்த ஆராய்ச்சி உலக வைத்தியத்துக்கே ஒரு பாடம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகவே இதை மலருக்கு எழுதுகிறேன்.

நம் ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில். அங்குள்ள மூல செல்கள்தான், அதாவது ஸ்டெம் செல்கள்தான், ஊற்றுக்கண். ஊற்றே கெட்டுப்போனால் தண்ணீரை இறைத்துப் பயனில்லை. வேறு ஊற்றுத்தான் வேண்டும். பிறர் மஜ்ஜையைச் செலுத்தும் இந்த முறையில் 1950களிலிருந்து பாடுபட்ட அமெரிக்கர் டொனால் தாமஸுக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி இதைத் தொடங்கி வைத்தார். 1986ல் வேலூரில் டாக்டர் மாமன் சாண்டி, தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கு மஜ்ஜை மாற்றினார்.

செய்து காட்டியாயிற்று. ஆனால் செலவு? பாதி வைத்தியத்தில் பணம் தீர்ந்து ஊர் திரும்பும் குடும்பங்களை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் சாண்டியையும் அவருடைய சீடர் டாக்டர் விக்ரம் மேத்யூஸையும் வேறு பாதைக்குத் திருப்பியது என்பேன்.

ரத்தப் புற்றுகளில் ஏ.பி.எல். என்று ஒரு வகை. 15, 17 ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. கவனிக்காவிட்டால் சில நாட்களிலேயே ரத்தப்போக்கில் ஆளைக் கொன்றுவிடும். வைட்டமின் 'ஏ' வழி வந்த மாத்திரையும் கடுமையான கீமோதெரபியும்தான் மேல்நாட்டு வைத்தியம். கீமோ கொடுத்தால் வெள்ளணு விழும், தொற்று வரும், படுக்கை நீளும், பில் ஏறும். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலேயே இதற்கு ஆர்செனிக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆம், நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்கிறார்களே, அதேதான்! புற்றை உண்டாக்கும் கோளாறான புரதத்தையே அது பிடித்து அழிக்கிறது.

மற்ற நாடுகளில் அதைப் பெரும்பாலும் நோய் திரும்பி வந்தவர்களுக்கே வைத்திருந்தார்கள். 2000ல் அமெரிக்கா அனுமதித்ததும் அப்படித்தான். வேலூரிலோ 1998 முதலே புது நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். அதையும் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே தயாரித்துக்கொண்டார்கள். 2004 வரை 72 பேர். அவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. மூன்றாண்டு கழித்தும் உயிரோடிருப்போர் கணக்கு ஏறத்தாழ அதே 86 சதவீதம். 2006ல் 'பிளட்' என்ற புகழ்பெற்ற ஆய்விதழ் இதை வெளியிட்டது. 2013ல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் கீமோ இல்லாமல் ஆர்செனிக்கையும் அந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். புது நோயாளிகளுக்கு அமெரிக்கா அனுமதித்தது 2018ல்தான். வேலூர் தொடங்கி இருபது வருஷம் கழித்து!

(இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். இதயத் துடிப்பையும் ரத்த உப்புகளையும் அடிக்கடி பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து இது.)

சாண்டி பின்னாளில் கொல்கத்தா டாடா மருத்துவ மையத்துக்குத் தலைமையேற்றார். 2019ல் பத்மஸ்ரீ வந்தது.

ஆனால் ஆர்செனிக் கேட்பது இந்த ஒரு வகைக்குத்தான். மற்ற ரத்தப் புற்றுகள் பலவற்றுக்கு இன்றும் மூல செல் மாற்றுத்தான் வழி. அதற்குப் பொருத்தம் வேண்டும். நாம் கல்யாணத்துக்குப் பார்ப்பது போல இங்கேயும் பத்துப் பொருத்தம்தான், ஆனால் ஜாதகத்தில் அல்ல, மரபணுவில். கூடப்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவரைத் தேட வேண்டும். நம் மக்களுக்கு நம் மக்களிடையேதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இதற்காகவே சென்னையில் 2009ல் 'தாத்ரி' என்ற கொடையாளர் பதிவேடு தொடங்கினார்கள். பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பொருந்தினால்தான் கூப்பிடுவார்கள். அப்போதும் எலும்பைத் துளைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். சில நாள் ஊசி போட்டு, பெரும்பாலும் கை நரம்பு வழியாகவே மூல செல்களை எடுத்துக்கொள்கிறார்கள்.