தொடர்பாடற் கல்வியின் தோற்றம்: இலினோய்ப் பல்கலைக்கழக அனுபவம்

ஒரு கல்வித்துறையின் தோற்றத்தை அதனை நிறுவிய அறிஞரின் ஆற்றலைக் கொண்டு மாத்திரம் விளக்கிவிட முடியாது. அத்துறை எழுப்பும் வினாக்களையும் எழுப்பாது விடும் வினாக்களையும் அது பிறந்த காலத்துச் சமூகத் தேவைகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. தொடர்பாடலியல் பட்டப்பின் படிப்பாக உருப்பெற்ற வரலாற்றை நாம் இந்நோக்கிலேயே அணுகுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

1862ஆம் ஆண்டின் மொறில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, வேளாண்மையையும் பொறித்தொழிலையும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வழிசெய்தது. அந்நிலங்கள் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அச்சட்டத்தின் பயனாக 1867இல் நிறுவப்பட்டதே இப்பொதுப் பல்கலைக்கழகம்.

இங்கு 1947இல் வில்பர் ஷ்ராம் தொடர்பாடல் ஆய்வு நிறுவகத்தைத் தொடங்கினார். இலக்கியத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், இரண்டாம் உலகப்போரின்போது அரசாங்கத் தகவற் பணியில் ஈடுபட்டிருந்தார். போர் முடிந்து பனிப்போர் மூண்ட அவ்வேளையில், மக்களின் கருத்தை எவ்வாறு மாற்றலாம் என்பதே அரசினதும் விளம்பரதாரரினதும் முதன்மையான வினாவாக இருந்தது. ஷ்ராம் தொகுத்து 1954இல் வெளிவந்த வெகுசனத் தொடர்பாடல் பற்றிய நூல், அமெரிக்கத் தகவற் சேவையின் பயிற்சித் தேவைக்காகவே முதலில் தயாரிக்கப்பட்டது. 1948இல் ஹரல்ட் லாஸ்வெல் வகுத்த வாய்பாடு பேசுவோர், செய்தி, ஊடகம், கேட்போர், விளைவு என்பவற்றை வினவியது. யாருடைய நலனுக்காக என்பதை வினவவில்லை.

எனினும், இந்நிறுவகம் ஆளும் வர்க்கத்தின் கருவியாக மட்டும் இயங்கியது எனக் கொள்வது இயக்கவியல் நோக்காகாது. கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவிற் பொருளியலாளராகப் பணியாற்றிய டலஸ் ஸ்மைத் 1948இல் இங்கு சேர்ந்து, தொடர்பாடலின் அரசியற் பொருளாதாரத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1963இல் அவர் கனடாவுக்குச் சென்றபின் ஹேர்பேட் ஷில்லர் அம்மரபை முன்னெடுத்தார். அமெரிக்கப் பேரரசுக்கும் வெகுசனத் தொடர்பாடலுக்குமுள்ள உறவை ஆராயும் ஷில்லரின் நூல் 1969இல் வெளிவந்தது. பொதுப் பணத்தில் இயங்கிய நிறுவனத்திலேயே அதன் பிரதான போக்குக்கு எதிரான சிந்தனையும் இடம்பெற்றமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

1977இல் ஸ்மைத் எழுதிய கட்டுரை மார்க்சியரையும் விட்டுவைக்கவில்லை. ஊடகங்களைக் கருத்துநிலைச் சாதனங்களாக மட்டுமே அவர்கள் கண்டனர் என்றும், விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம் பார்வையாளரே என்பதைக் காணத் தவறினர் என்றும் அவர் சுட்டினார். அன்று விவாதத்துக்குள்ளான அக்கருத்து, பயனரின் கவனத்தை விற்று வாழும் இன்றைய இணைய நிறுவனங்களை விளக்கப் பெரிதும் உதவுகின்றது.

ஆனால் அவற்றை ஆராய வேண்டிய தரவுகளும் அந்நிறுவனங்களின் தனியுடைமையாகவே உள்ளன. 2024 ஓகஸ்டில் மெற்றா நிறுவனம் கிரவுட்டாங்கிள் என்னும் கருவியை மூடியபோது, முகநூற் பதிவுகளின் பரவலை ஆராய்ந்துவந்தோர் அதனை இழந்தனர். ஆய்வுச் சாதனங்கள் தனியார் கையிலிருக்கும் வரை பல்கலைக்கழகத்தின் சுதந்திரம் முழுமையானதன்று. ஆகவே, பட்டப்பின் மாணவர் ஆய்வுமுறைகளைக் கற்குமுன்னர், தாம் கற்கும் துறை யாருடைய தேவைக்காகத் தோன்றியது என்பதைக் கற்றல் அவசியமாகும் என்பதே நமது கருத்து.