அரைப்புள்ளி பிறந்த கதை

இருவர் ஆடும் சதுரங்க ஆட்டம், யாரும் யாரையும் வெல்ல முடியாமல் முடிவதைச் சமன் என்றும் ஆட்டக்காரர் பேச்சில் டிரா என்றும் வழங்குவர். அதற்கு ஆளுக்கு அரைப்புள்ளி அளிப்பது இன்று இயல்பாகத் தோன்றினும், அவ்வழக்கம் 1867இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் போட்டியில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 1851இல் லண்டனில் நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியில் சமனான ஆட்டம் கணக்கில் சேராமல் மறுபடி ஆடப்பட்டது. டண்டிப் போட்டி நடந்த அதே ஆண்டில் பாரிஸ் போட்டியிலோ சமன் செய்த இருவருக்கும் புள்ளியே இல்லை. தோற்காமல் தாக்குப்பிடித்ததையும் உழைப்பாக மதித்த வகையில் டண்டியின் முடிவே நேர்மையானது.

இந்திய மரபு ஆட்டங்களில் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ராஜாவுக்குச் செக் இல்லாமலேயே நகர்த்த வழியற்றுப்போகும் நிலை இன்றைய விதிப்படி சமன். அந்த ஆட்டமுறைகள் சிலவற்றிலோ எதிராளியை அந்நிலைக்குத் தள்ளவே கூடாது என்ற தடை இருந்தது. 1960களில் பன்னாட்டு விதிகளை இங்கே பரப்பியவர்களுள் முதன்மையானவர், 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன்.

1955இல் ஏலூரில் நடந்த முதல் தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் ராமச்சந்திர சப்ரே, டி. வெங்கையா ஆகிய இருவரும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டில் 'பொள்ளாச்சி கிரெடிட் சொசைட்டி' என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனமே, பொள்ளாச்சியில் பிறந்த நா. மகாலிங்கத்தின் சக்தி குழுமத்தில் பின்னாளில் சக்தி பைனான்ஸ் ஆயிற்று என்பது கோயம்புத்தூர் வட்டாரத்தின் சதுரங்க வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. ஏனெனில் கோயம்புத்தூரில் நடந்த சக்தி பைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியில் வென்றே விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அமெச்சூர் ஆட்டக்காரருக்கு அரைப்புள்ளியின் மதிப்பு எதிராளியைப் பொறுத்தே அமைகிறது. ஆர்பாட் ஏலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற ரேட்டிங் முறை, அதாவது ஆட்டத்திறனை எண்ணால் அளக்கும் முறை, இரு ரேட்டிங்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து ஒவ்வொருவரும் பெற வேண்டிய புள்ளியை முன்கூட்டியே கணிக்கிறது. 1500 ரேட்டிங் உள்ளவர் 1700 உள்ளவருடன் சமன் செய்தால், மாற்றத்தின் அளவை நிர்ணயிக்கும் கெழு 20ஆக இருக்கையில், அவருக்கு ஏறத்தாழ 5 புள்ளி கூடும். மற்றவருக்கு அதே கெழுவானால் அவ்வளவே குறையும். இருவரும் 1500 என்றால் கணிப்பும் ஆளுக்கு அரைப்புள்ளியே என்பதால், மணிக்கணக்காகப் போராடிய பின்னும் ரேட்டிங் அசைவதில்லை; அந்தப் போராட்டம் முழுவதும் இருவரும் கையொப்பமிட்ட ஆட்டத்தாளின் நகர்த்தல் வரிசையில் மட்டுமே எஞ்சுகிறது.